மகள் மொழிபெயர்க்காமல் விட்ட கேள்வி

இஞ்சேருங்கோ,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதபடியால், நீங்கள் போன பிறகு உங்களை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் கொஞ்சக் காலம் தடுமாறினேன். படத்துக்கு முன்னால் நின்று 'அமரர்' என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் பழையபடியே கூப்பிடுகிறேன். குசினிக்குள் இருந்து கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒருக்கால் இந்தப் பக்கம் திரும்புங்கள்.

உங்கள் இரண்டாம் ஆண்டுத்திதி வருகிறது. நினைவுமலரில் போடுவதற்கு உங்கள் தம்பி குகன் ஒரு கவிதை கொண்டுவந்து தந்தார். 'விண்ணேறிப் போன எங்கள் வீட்டு விளக்கே' என்று தொடங்கியது. எனக்கு உடனே சந்தேகம். ஆர்ஜொந்தெயில் இருக்கிற இராசாத்தி அக்காவின் மனுசனுக்கு அடித்த மலரைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதே விளக்கு, பேர் மட்டும் வேறு. "எல்லாருக்கும் இதைத்தானே அண்ணி போடுறவை" என்றார் குகன். எல்லாருக்கும் போடுகிறதை உங்களுக்குப் போட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தை நிரப்பத்தான் இதை எழுதுகிறேன்.

சிரிப்பீர்கள், தெரியும். "உம்மைப் பொலிசிலை சேத்திருக்கவேணும்" என்று சொல்லிச் சொல்லியே என்னோடு காலத்தை ஓட்டினீர்கள். எங்கள் சனத்தின் கடைத்தெரு லா சப்பலில் மீனோடு ஐஸையும் சேர்த்து நிறுக்கிறார்கள் என்று நான் சொன்னபோது நம்பவில்லை. பிறகு ஒருநாள் எனக்குத் தெரியாமல் நீங்களே ஐஸை உருகவிட்டு மீனை நிறுத்துப் பார்த்தீர்கள். யார் சொன்னது சரியாய் வந்தது?

ஆனால் இந்த இரண்டு வருஷமும் என்னைத் தின்ற சந்தேகம் மீனைப் பற்றியதில்லை. எங்கள் பெட்டை நிரோஜாவைப் பற்றியது. பெற்ற பிள்ளையை ஒரு தாய் அப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்த முற்பகல் உங்களுக்கு நினைவில் இருக்காது. மயக்கமும் முழிப்புமாகக் கிடந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தீர்கள். நுரையீரல் முழுக்கப் புற்று பரவிவிட்டது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு மட்டும் 'சளி' என்று சொல்லி வைத்திருந்தோம். டொக்டர் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான், குகன், நிரோஜா. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு நான் வேலை செய்கிற சீலைக்கடையில் பிளவுஸ் அளவெடுக்கக் காணும், அதற்கு மேல் போகாது. குகனுடையது ரெஸ்டோரன்ட் குசினிப் பிரெஞ்சு. எங்களிடம் நிரோஜா இருக்கிறாளே என்ற தைரியம். வெறும் மொழி தெரிந்த பிள்ளை இல்லை அவள், நேர்ஸ். அதுவும் ரெயாவில். மெஷின் பூட்டி உயிரைப் பிடித்து வைக்கிற அதிதீவிரப் பகுதி அது. அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரி வேறு என்றாலும், எங்களுக்கு வீட்டோடு ஒரு டொக்டர் இருக்கிற மாதிரித்தான்.

டொக்டர் கனநேரம் கதைத்தார். நல்ல மனுசன், கதிரையை இழுத்து எங்களுக்குக் கிட்ட வந்து இருந்து கதைத்தார். நடுவில் ஒரு கேள்வி கேட்டார். கேள்வி என்று கண்டுபிடிக்கப் பாசை தேவையில்லை, முகத்தைப் பார்த்தால் காணும். நிரோஜாவைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து "நோன்" என்றாள். இல்லை என்று.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "அப்பாவுக்கு இனி நோகாமப் பாப்பினமாம். மூச்சு முட்டாம இருக்க மோர்பின் கூட்டிக் குடுக்கப் போகினமாம்."

அவ்வளவுதான். அந்த மனுசன் அவ்வளவு நேரம் சொன்னது இந்த இரண்டு வசனத்துக்குள் எப்படி அடங்கியது? அவர் என்ன கேட்டார்? எதற்கு அந்த நோன்?

அடுத்த நாள் விடியப் போய்விட்டீர்கள். அமைதியாகத்தான் போனீர்கள், நெற்றிச் சுருக்கம்கூட இல்லை. அந்த அமைதிதான் எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

எட்டாம் நாள், உங்கள் எட்டுச் செலவுச் சடங்கு அன்று குகன் முற்றத்தில் நின்று யாரோடோ கதைப்பதைக் கேட்டேன். "எங்கடை பெட்டைதான் ஊசி போடச் சொன்னவள். நான் பக்கத்திலை இருந்தனான்." அவர் வன்மத்தில் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் விளங்கியது. டொக்டர் வாயைத் திறந்தார், வந்தது நிரோஜாவின் குரல். ஒரு குடும்பத்துக்குப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக இருந்தால் கெட்ட செய்தி எல்லாம் பிள்ளை சொன்னதாகத்தான் காதில் விழும். மோர்பின் என்றால் கடைசி ஊசி என்று லா சப்பலில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், அது சரியோ பிழையோ வேறு கதை. ஒரு கிழமைக்குள் கடைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. ஒருத்தி துக்கம் கேட்டுவிட்டு, "பிள்ளை படிச்ச பிள்ளை, அதுக்குத் தெரியாததே" என்று ஒரு மாதிரி இழுத்தாள்.

நான் நிரோஜாவிடம் கேட்கவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன். ஓம் என்று சொன்னால் என்ன செய்வேன்? ஒரே வீட்டுக்குள் ஒரே ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் அவளைக் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

கவனிக்கக் கவனிக்கக் கூடிக்கொண்டே போனது. வேலையால் வந்தால் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருப்பாள். ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒன்றும் செய்யாமல் இருப்பாள். உள்ளே வந்தால் கை கழுவுவது முடியாது. சோறு சூடாகி மைக்ரோவேவ் 'பீப்' என்று கத்தினால் துள்ளி எழும்புவாள், ஒருநாள் அதன் வயரையே பிடுங்கி எறிந்துவிட்டாள். சாப்பாட்டைக் கிளறிக்கொண்டு இருப்பாள். கேட்டால், "ஸா வா, அம்மா." சுகம்தான் என்கிற அந்த 'ஸா வா'வைப் போல ஒரு பொய்யை நான் கேட்டதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது எழுத வெட்கம், ஆனால் சொன்னேன்.

பிறகு செவ்வாய்க்கிழமைப் பயணம் தொடங்கியது. லீவு நாளில் வெளிக்கிட்டுப் போவாள், பின்னேரம் கண் சிவந்து வருவாள். எங்கே போகிறாய் என்றால், "ஒரு அலுவல்." ஆரோ ஒரு பெடியன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பெடியனாக இருக்கட்டும் என்று நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தியும் வைத்தேன். பெடியன் என்றால் அழவைக்கிறவனாக இருந்தாலும் ஒரு வழி பார்க்கலாம். ஆனால் ஒருநாள் அவளுடைய கோட்டைத் தோய்க்கப் பையைத் தடவினால், ஒரு சைக்கோலொக்கின் கார்ட். மனசு பார்க்கிறவ, எங்கள் சனத்துக்கு விசர் டொக்டர். எங்கள் பிள்ளைக்கு விசரா? அல்லது ஆருக்கோ வாக்குமூலம் கொடுக்கப் போகிறாளா?

உங்கள் பொலிஸ்காரி அடுத்த செவ்வாய் கடைக்குத் தலையிடி என்று சொல்லிவிட்டுப் பின்னால் வெளிக்கிட்டாள். பழைய சாம்பல் கோட், தலையில் சால்வை. லெ பிளாங்-மெனில் ஸ்டேஷனில் அவள் ஏறிய ரயிலின் அடுத்த பெட்டியில் ஏறினேன். கார் து நோர் ஸ்டேஷனில் சனத்துக்குள் தவறவிடப் பார்த்தேன், அவளுடைய மஞ்சள் பை காப்பாற்றியது. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வளவுக்குள் போனாள். அவளுடைய ஆஸ்பத்திரி இல்லை, உங்களை வைத்திருந்ததும் இல்லை. பின்பக்கம் ஒரு பழைய கட்டடம். அதற்குள் போய்விட்டாள். நான் எதிரே வாங்குப் பலகையில் இருந்தேன். குளிர். பையில் கொண்டுபோன றோல்ஸ் எனக்காக இல்லை, பிடிபட்டால் சாப்பாடு கொண்டுவந்தேன் என்று சொல்லலாம் என்று.

மத்தியானம் ஆட்கள் வெளியே வந்தார்கள். எல்லாரும் நேர்ஸ்மார் மாதிரித்தான் இருந்தது, நின்று நின்றே தேய்ந்த சப்பாத்துகள். கடைசியாக நிரோஜா. அழுதுகொண்டு. அவளுடைய தோளில் கையை வைத்தபடி ஒரு தாடிக்கார வெள்ளை மனுசன்.

எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. எழும்பிப் போய் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன்.

"ஆர் இந்த மனுசன்?"

"அம்மா? நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்?"

"அதை நான் கேக்கிறன். ஆர் இவன், ஏன் உன்னை அழவைக்கிறான்?"

அந்த மனுசன் கையை எடுத்துவிட்டு "பொன்ஜூர் மதாம்" என்று தலையைக் குனிந்தார். நிரோஜா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அவளுடைய சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள். அவர் படிப்பிக்கிறவராம். அவரும் ஒரு நேர்ஸ்தானாம். என்ன படிப்பு என்றேன். தமிழில் அவளுக்குச் சொல் வரவில்லை. "சுவாம் பாலியாத்திஃப், அம்மா. சுகமாக்க ஏலாத ஆக்களை நோகாம, பயப்படாம வைச்சிருக்கிற படிப்பு. கடைசி வரைக்கும்."

"நீ படிச்சுத்தானே நேர்ஸ் ஆனனி? பிறகென்ன படிப்பு?"

வாங்கில் வந்து பக்கத்தில் இருந்தாள். றோல்ஸை எடுத்துக் கொடுத்தேன். கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, ரெயாவிலை எங்களுக்கு உயிரைப் பிடிச்சு வைக்கத்தான் பழக்கினவை. ட்யூப் போட, மெஷின் பாக்க. பிறகு ஒருநாள் டொக்டர்மார் இருந்து கதைச்சு, இனிக் காணும் எண்டு முடிவெடுப்பினம். எடுத்துப்போட்டு அவை போயிடுவினம். மெஷினைக் குறைக்கிறது நாங்கள். மருந்தைக் கூட்டுறது நாங்கள். குடும்பம் என்ரை கையைத்தான் பாத்துக்கொண்டு நிக்கும். எவ்வளவு குடுக்கவேணும், ஏன் குடுக்கிறம், அந்தச் சனத்துக்கு என்ன சொல்லவேணும், ஒண்டும் வடிவாப் படிப்பிக்கேல்லை. முதல் தரம் பக்கத்திலை நிண்டவளைப் பாத்துச் செய்தனான். அவளும் ஆரையோ பாத்துப் பழகினவள்தான். அவள் இப்ப வேலையை விட்டிட்டாள்."

"அதுக்கு ஏன் விசர் டொக்டர்?"

"கோட்டுப் பையையும் பாத்தாச்சா?" என்றாள். கோபிக்கவில்லை. "விசர் இல்லை, அம்மா. நித்திரை வருகுதில்லை. கண்ணை மூடினா மெஷின் சத்தம். எங்கடை சேர்விஸிலை கனபேருக்கு இப்பிடித்தான், ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டினம். சொன்னா ஏலாதவள் எண்டு நினைப்பினம். அவவிட்டை நான் இன்னும் போகேல்லை. கார்ட் மட்டும்தான் வைச்சிருக்கிறன்."

அன்று காலை வகுப்பில் அந்தத் தாடிக்காரர் எல்லாரையும், விட்டுப் போகாத ஒரு சாவைப் பற்றிச் சொல்லச் சொன்னாராம். மற்றவர்கள் எல்லாம் வார்டில் நடந்ததைச் சொன்னார்களாம். இவள் உங்களைச் சொன்னாளாம்.

அப்போதுதான் கேட்டேன். இரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன். "அண்டைக்கு டொக்டர் உன்னட்டை ஒரு கேள்வி கேட்டவர். நீ நோன் எண்டனி. அவர் என்ன கேட்டவர்?"

அவளுடைய முகம் போன போக்கைப் பார்த்து, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். றோல்ஸைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

டொக்டர் சொன்னாராம், மூச்சு ஏலாமல் போகுது, ரெயாவுக்குக் கொண்டுபோய்க் குழாய் போடலாம், ஆனால் பிறகு அதைக் கழற்ற முடியும் என்று தான் நினைக்கவில்லை, நோவுதான் மிஞ்சும் என்று. முடிவு டொக்டர்மாருடையதுதானாம். ஆனால் எடுக்க முதல் தெரியவேணுமாம். 'உங்கள் அப்பாவிடம் கேட்க முடிந்தால், இதை விரும்பியிருப்பாரா?'

"அதுக்குத்தான் நோன் எண்டனான்" என்றாள். "அப்பாவுக்கு என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியாது, அம்மா. எங்கடை வீட்டிலை அதை ஆர் கதைச்சது? சளி எண்டு சொல்லி வைச்சிருந்தம். நான் ஒவ்வொரு நாளும் மற்றவையின்ரை அப்பாமாருக்கு அந்தக் குழாயைப் போட உதவி செய்யிறனான். என்ரை அப்பாவுக்கு வேண்டாம் எண்டனான். உங்களிட்டைத் தமிழிலை கேட்டிருந்தா நீங்கள் ஒரு பதில் சொல்லியிருப்பியள். என்ன சொன்னாலும் சாகுமட்டும் உங்களுக்கு அது பாரம். அதுதான் கேக்கேல்லை."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். "மோர்பின்தான் அப்பாவைக் கொண்டுபோட்டுதோ எண்டு எனக்கும் தெரியாம இருந்தது. சித்தப்பா சொல்லிக்கொண்டு திரிஞ்சது எனக்கும் தெரியும். நேர்ஸ் எண்டு பேர், ஆனா இல்லை எண்டு அடிச்சுச் சொல்ல என்னட்டைப் படிப்பில்லை. நான் இந்த வகுப்புக்கு வந்ததே அதைக் கேக்கத்தான்."

"கேட்டனியா?"

"ஓம். அந்த அளவு ஆளைக் கொல்லாதாம். மூச்சு அந்தரப்படுறதைத்தான் குறைக்குமாம். அப்பாவைக் கொண்டுபோனது வருத்தம்தானாம்." பையின் வாயை மடித்துக்கொண்டு, "அது விளங்கிட்டுது. ஆனா அந்த நோன் போகுதில்லை" என்றாள்.

கேட்டீர்களா? ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறோம்.

அப்போது என் வாயில் ஒரு வசனம் வந்தது. யோசித்து வரவில்லை. "அப்பா எனக்குச் சொன்னவர்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சொன்னவர்?"

"ஸ்தேனிலை இருந்த தவம் அண்ணை மெஷினிலை கிடக்கேக்கை நாங்கள் போய்ப் பாத்தமெல்லே. திரும்பி வரேக்கை பஸ்ஸிலை சொன்னவர். என்னை மட்டும் இப்பிடிக் கட்டிப்போட விட்டிடாதையும், எனக்கு ஒரு குழாயும் வேண்டாம் எண்டு."

என் மகள் அல்லவா. விடவில்லை. "பஸ்ஸிலையோ? ஆர் ஆர் இருந்தவை? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஆர் இருந்தது, சனம்தான் இருந்தது. நான் ஓம் எண்டனான்."

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை, பிள்ளை."

அப்படியே என் மடியில் கவிழ்ந்து அழுதாள். சின்னனில் தடுப்பூசி போட்டுவிட்டு வரும்போது ரயிலில் அழுவாளே, அந்த மாதிரிச் சத்தம் போட்டு அழுதாள். தாடிக்காரர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அவரைப் பற்றி நான் நினைத்தது பிழை. நல்ல மனுசன்.

நீங்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தவம் அண்ணையைப் பார்த்துவிட்டு வந்த அன்று பஸ்ஸில் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டுக்கொண்டு இருந்தீர்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் அங்கே வரவில்லை. யார் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் ஓரேஞ்சுப் பழத்தோடு போய் நிற்கிற மனுசன், முழங்கால் நோகுது என்று சொல்லி என்னைத் தனிய அனுப்பினீர்கள். உங்களுக்கு முழங்கால் நோவு வந்ததே இல்லை. அந்த நேரத்திலேயே எனக்குச் சந்தேகம். அதிலிருந்து பிடித்துத்தான் அந்த வசனத்தைக் கட்டினேன். சரியாகத்தான் கட்டினேனா?

இப்போது வீட்டு நிலவரம். நிரோஜா அந்தச் சைக்கோலொக்கிடம் போகத் தொடங்கியிருக்கிறாள். கடையில் ஒருத்தி, "உங்கடை மகளுக்கு மனசு சரியில்லையாமே" என்று கேட்டாள். "ஓம், பல்லு நொந்தா பல்லு டொக்டர், மனசு நொந்தா அதுக்கு டொக்டர்" என்றேன். படிப்பு முடிய, தன்னுடைய வார்டிலும் இதை மற்ற நேர்ஸ்மாருக்குச் சொல்லிக் கொடுக்கக் கேட்டிருக்கிறார்களாம். இரண்டு கிழமைக்கு முதல் ஒரு தமிழ்க் குடும்பம் வந்ததாம். அவர்களுடைய பெடியனை மொழிபெயர்க்க விடாமல், வேறு ஆளைக் கூப்பிட்டுக் கதைக்க வைத்தாளாம். "அவன் மகனா மட்டும் இருக்கட்டும் எண்டு நினைச்சன்" என்றாள். சில நாள் இன்னும் காரை விட்டு இறங்க அவளுக்கு நேரம் எடுக்கிறது. அப்போது நான் கீழே இறங்கிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி இருப்பேன். ஒன்றும் கேட்பதில்லை.

குகனுக்கும் சொன்னேன். "அண்ணை எனக்கு இப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். "உமக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டே செய்தவர், தம்பி?" என்று கேட்டேன். அடுத்த கிழமை நிரோஜாவுக்குப் பிடித்த மாம்பழம் ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு இருக்காமல் போய்விட்டார்.

அவள் என்னை நம்பினாளா? அது எனக்குத் தெரியாது. சில நேரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். நான் மீன்கடைத் தராசைப் பார்க்கிற அதே பார்வை. ஆனால் கேட்பதில்லை. சோற்றை முழுக்கச் சாப்பிடுகிறாள்.

இதை வாசிக்கிற சனத்துக்கும் ஒரு வார்த்தை. அவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, நீங்கள்தான் வாசிக்கப் போகிறீர்கள். ஊசி போடச் சொன்னவள் என்ற கதையை நீங்கள்தான் வீடு வீடாகக் கொண்டுபோனீர்கள். இப்போது அவளைக் கண்டால், 'அப்பா அப்பவே சொன்னவராமே, பிள்ளை' என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதைச் சொல்லாதேயுங்கள். நான் ஒருத்தரையும் நம்பாதவள். இந்த ஒரு விஷயத்தில் உங்களை நம்பித்தான் ஆகவேண்டிக் கிடக்கிறது.

இஞ்சேருங்கோ, உங்களுக்கு நான் தருகிற வாக்கு இதுதான். எனக்கு என்ன வேணும், என்ன வேண்டாம் என்பதை அந்தப் பிள்ளையிடம் நானே, தமிழில், முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். இன்னொரு தரம் அவள் ஜன்னலைப் பார்க்கவேண்டி வராது. உங்கள் வாயில் நான் வைத்த வசனம் பிழை என்றால், வந்து சேர்ந்த பிறகு என்னை வைத்துப் பேசுங்கள், எவ்வளவு பேசினாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன். அதுவரைக்கும் அவளுடைய கனவில் போய் ஒன்றும் சொல்லிவிடாதேயுங்கோ.

உங்கடை மனுசி,
நிரோஜாவின் அம்மா